கம்மாத் தண்ணி ஏன் சிந்தவில்லை

பாசமுள்ள அக்கா பொன்னுத்தாய்க்கு,

நீ கண்மூடிப் போய்ச் சேர்ந்த இடத்துக்கு இந்தச் சேதி சூடு ஆறுவதற்குள் வந்து சேரட்டும்.

நேற்று நம் பரளச்சி மகளிர் குழு வேன் பிடித்து, புதிதாகக் கட்டியிருக்கும் அறிவியல் கலைக்கூடத்துக்குப் போய் வந்தோம். பொம்பளைகளுக்குத் துணை என்று தம்பி கருப்பசாமியும் ஏறிக்கொண்டான். துணைக்கு வந்தவன் வழியெல்லாம் தூங்கினான்.

ஒரு பக்கம் உறுமி, தோல்பாவை என்று நம் சாமான்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். மறுபக்கம் தொட்டால் சுழலும் எந்திரங்கள். நடுவில் கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு கூடம். உள்ளே சாய்ந்து உட்கார்ந்தால் தலைக்கு மேலே பூமி உருண்டை படமாக மெல்லச் சுற்றுகிறது.

எனக்கு உன் ஞாபகம்தான். அப்போது நீ அஞ்சாம் வகுப்பு, நான் நாலாம் வகுப்பு, எல்லோருக்கும் ஒரே அறை. வாத்தியார் பூமி சுற்றுகிறது என்று சொன்னதும், என் பக்கத்தில் இருந்த நீ எழுந்து, சன்னலில் தெரிந்த கண்மாயைக் காட்டி, "அப்ப நம்ம கம்மாத் தண்ணி ஏன் சார் சிந்தல?" என்று கேட்டாய். அவர் சிரித்தார். அதே அறையில் மூன்றாம் வகுப்பில் இருந்த தம்பியோடு எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து உனக்குப் பேர் 'கம்மாச்சிந்தி'. கல்யாணப் பந்தலில்கூட அப்படித்தானே கூப்பிட்டார்கள்? உன் மகள் பேச்சியையும் அதைச் சொல்லியே அழவைத்தார்கள். அதனாலேயே அவள் பள்ளிக்கூடத்தில் வாய் திறக்கவில்லை என்பது உனக்குத் தெரியுமா?

படம் முடிந்ததும், விளக்கம் சொல்லும் பெண் யாராவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள். நாற்காலியைப் பிடித்து எழுந்தேன். தம்பி சேலையை இழுத்தான்.

"ஏக்கா, பேரன் பேத்தி எடுத்துட்ட. மானத்த வாங்காம உக்காரு."

என் அக்கா கேட்ட கேள்வி என்று சொல்லித்தான் கேட்டேன். பின்னால் யாரோ கிளுக்கென்றார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பூமி தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறது, சீராகவும் சுற்றுகிறது, குலுங்காத பஸ்ஸில் வைத்த செம்பு மாதிரி என்றாள். குலுங்காத பஸ்ஸு அருப்புக்கோட்டை ரூட்டில் எது என்று நம் குழுத் தலைவி கேட்க, கூடமே சிரித்தது.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

"பஸ்ஸ விடு தாயி. தலையில நெறகுடம் வச்சு ஒரே நடையா நடந்தா ஒரு சொட்டு சிந்தாது. கல்லு தடுக்குனாத்தான் மூஞ்சி நனையும். பூமி தடுக்காம நடக்குது, அம்புட்டுத்தான?"

அவள் இறங்கி வந்து மைக்கை என் கையில் கொடுத்தாள். "இன்னொரு தடவ சொல்லுங்க பாட்டி. இனிமே நானும் இப்பிடியே சொல்றேன். உங்க அக்கா பேரு என்ன?"

சொன்னேன். கூடம் முழுக்க உன் பேர் கேட்டது அக்கா, நம் அப்பா வைத்த பேர். கை தட்டினார்கள். நம் பொம்பளைகள் குலவை போட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் தம்பி என் செருப்பை எடுத்து முன்னால் போட்டான். பிறகு, "வாத்தியாருக்கும் பதில் தெரியலக்கா. அவரு சிரிச்சாருன்னு நானும் சிரிச்சேன்" என்றான். திரும்பும்போது அவனைத் தூங்க விடவில்லை. போனில் பேச்சியைக் கூப்பிட்டு, அதை அவளிடமே சொல்ல வைத்தேன். அவள் அழுதாளா, சிரித்தாளா? வேன் சத்தத்தில் தெரியவில்லை.

அடுத்த முறை பேச்சியைக் கூட்டிப் போவேன். அவள் எழுந்து நின்று, தன் கேள்வி ஒன்றைச் சத்தமாகக் கேட்கும்வரை அந்தக் கூடத்தை விட்டு நகர மாட்டேன். உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி சீனியம்மாள்