முகம் தேய்ந்த சீனாக்காரர்

லட்லோ
3 மே 1956

அன்புள்ள சிசிலிக்கு,

நலம். அங்கே நீயும் உன் அக்கா ஆடாவும் நலமா? இரண்டு வாரம் என்று சொல்லிவிட்டு விட்பிக்குப் போனவள், மாதக்கணக்கில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். இங்கே நான் அவித்த முட்டையைத் தின்று தின்று கோழியாக மாறிக்கொண்டிருக்கிறேன். பூனைகூட என்னை மதிப்பதில்லை.

உன் அம்மா வீட்டு வெள்ளிக் கோப்பையை வெள்ளி வேலை செய்யும் டாப்சன் கடைக்கு எடுத்துப்போனேன். திட்டாதே, காட்டத்தான். நம் திருமண நாளுக்குப் பளபளவென்று இருக்கட்டும் என்று ஆசையாகத்தான் தேய்த்தேன். கம்பி நார் போட்டுத் தேய்த்தது என் புத்தி. கோப்பையின்மேல் குடை பிடித்து நிற்கும் சீனாக்காரருக்கு முகமே போய்விட்டது. பின்னாலேயே நீயும் போய்விட்டாய்.

"முகத்தத் திரும்பக் கொண்டாந்துடலாம் சார். ஆனா ஆளு எப்படி இருந்தாரு? சிரிச்சாரா? மீசை இருந்துச்சா?" என்று டாப்சன் கேட்டார். எத்தனை வருடம் அந்தக் கோப்பைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்! ஒன்றும் நினைவில்லை. நீ சொன்னால் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவேன். முகம் வந்தால் நீயும் வருவாய்தானே?

உன்
ஹ்யூபர்ட்


விட்பி
9 மே 1956

அன்புள்ள ஹ்யூபர்ட் அவர்களுக்கு,

'அவர்கள்' போட்டது கோபத்தால். மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "முட்டை அவிக்கவாவது தெரிஞ்சிருக்கே மனுஷனுக்கு!" என்றாள்.

முகம் எப்படி இருந்தது என்று சொல்ல மாட்டேன். மற்றதையெல்லாம் சொல்கிறேன். அந்தக் கோப்பையைச் செய்த தட்டான் சீனாவைக் கண்டவனில்லை. தேம்ஸ் நதியைத் தாண்டியிருந்தாலே ஆச்சரியம். அவன் காலத்தில் லண்டனில் பணக்காரர்களுக்கெல்லாம் சீனப் பைத்தியம். கேட்டார்கள், அவன் பாட்டுக்குக் கற்பனை செய்து தட்டிக் கொடுத்துவிட்டான். அதனால்தான் அதில் பறவை ஆளைவிடப் பெரிது, குடை காளான் மாதிரி இருக்கிறது, சீனாக்காரர் காலில் நம் ஊர் பூட்ஸ்! சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா அதில்தான் பால் தருவாள். அந்த பூட்ஸைப் பார்த்துச் சிரித்தே பாதிக் காய்ச்சல் போய்விடும்.

ஆனால் கோப்பைக்காக மட்டும் நான் கிளம்பி வரவில்லை. ஓய்வுபெற்ற நாளிலிருந்து வீட்டில் எதைக் கேட்டுச் செய்தீர்கள்? வாசல் கதவுக்குப் பச்சை அடித்தீர்கள். என் ரோஜாச் செடியை மொட்டையடித்தீர்கள். என் நாற்காலி ஆடுகிறதென்று அதன் கால்களை அறுத்து அறுத்துக் குட்டையாக்கினீர்கள். எல்லாம் எனக்காகத்தான். என்னைத்தான் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இப்போது இந்த முகத்தையும் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவீர்களாம்! அப்புறம் அந்த வீட்டில் நான் எதற்கு?

சிசிலி

பி.கு. பூனைக்கு மீன் வாங்கிப் போடுங்கள். மதிக்கும்.


லட்லோ
14 மே 1956

அன்புள்ள சிசிலிக்கு,

பூனை மதிக்கிறது.

உன் கடிதத்தைப் படித்தேன். நீ எழுதியது அத்தனையும் நிஜம், நாற்காலி உட்பட. வெட்கமாக இருக்கிறது.

இனி சந்தோஷ சமாச்சாரம். நேற்றுக் காலை கோப்பையைக் கழுவி ஜன்னலோரம் சாய்த்து வைத்தேன். உள்ளே வெயில் விழுந்தது. பார்த்தால், உட்புறத்திலிருந்து ஒருவர் என்னைப் பார்க்கிறார்! அவரேதான், சிசிலி! இடம் வலம் மாறி, கோடெல்லாம் லேசாக மேடு தட்டி நிற்கிறது. புருவத்தைத் தூக்கிக்கொண்டு, தும்மல் வரப்போகிறவர் மாதிரி வாயைத் திறந்திருக்கிறார். நான் சமையலறையில் குதியாய்க் குதித்ததைப் பால்காரர் பார்த்துவிட்டார். ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்.

டாப்சனிடம் ஓடினேன். "அட, இது செதுக்கின வேலை இல்ல சார். மழுங்கின உளியால தட்டித் தட்டி அமுக்கினது. அதான் உள்பக்கம் தடம் நிக்குது. குடுங்க, அதப் பாத்தே வெளியில முகத்தப் போட்டுடறேன்," என்றார். கோப்பையை நீட்டியும்விட்டேன். சட்டென்று திரும்ப இழுத்துக்கொண்டு, "என் வீட்டுக்காரியக் கேட்டுட்டுச் சொல்றேன்," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் சார், உடம்புக்கு ஏதும் முடியலையா?"

எனவே கேட்கிறேன். முகத்தைப் போடச் சொல்லட்டுமா, அப்படியே விடட்டுமா? நீ சொல்லும்வரை அதன்மேல் துணிகூடப் படாது. வா என்று உன்னை நச்சரிக்க மாட்டேன். ஆனால் மனசு உன்னைத் தேடுகிறது, சிசிலி.

உன்
ஹ்யூபர்ட்


19 மே 1956

என் ஹ்யூபர்ட்டுக்கு,

அவர் உள்ளே இருப்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். பால் குறையக் குறைய முதலில் குடை, பிறகு புருவம், பிறகு அந்தத் தும்மல் வாய் தெரியும். அதற்காகவே கடைசிச் சொட்டுவரை குடிப்பேன். நீங்களாகப் பார்த்தீர்களே, அது போதும் எனக்கு. வெளியே முகம் வேண்டாம். அதில் வாங்கிக் குடிக்கிறவர்களுக்கு மட்டும் அவர் தெரியட்டும்.

"வீட்டுக்காரியக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்ற வரியை அக்காவுக்குத் திரும்பத் திரும்ப வாசித்தேன். "போதும்டி, காது புளிச்சுப்போச்சு. பெட்டிய எங்க வச்சே?" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கதவுக்கு வேறு நிறம் அடிக்க வேண்டும். நான் நீலம் என்பேன். நீங்கள் வேண்டாம் என்று சண்டை போடலாம், உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

நானும் உங்களைக் கேட்டுவிட்டுப் போனவள் இல்லை; சொல்லிவிட்டு மட்டும்தானே போனேன். அதனால் இப்போது கேட்கிறேன். நான் வீட்டுக்கு வரட்டுமா?

பதில் எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். உறையில் தபால்தலை இல்லை, பாருங்கள். நம் வாசல் கதவின் தபால் துளை வழியாக நான்தான் உள்ளே போட்டேன். மழை தூறுகிறது.

உங்கள்
சிசிலி