வாடை இல்லை

மாமா,

நேற்றுக் காலை எங்கள் கெமிக்கல் யூனிட்டில் வாடை வந்தது. எனக்கு வரவில்லை. செல்விக்கு வந்தது.

செல்வியை உங்களுக்குத் தெரியாது. திட்டக்குடிப் பக்கத்துப் பெண். காண்ட்ராக்டில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. சாம்பிள் பாட்டிலோடு வந்தவள் மூன்றாம் நம்பர் பம்புக்குப் பக்கத்தில் நின்று துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அண்ணே, அழுவுன முட்ட மாதிரி வாட அடிக்குதுண்ணே. ஒங்களுக்கு வரல?" என்றாள். நான் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கேஸ் மீட்டரும் சைபர் காட்டியது. ஷிப்ட் மாறும்போது லாக் புக்கில் நானே எழுதிய வரி மேஜைமேல் கிடந்தது: வாடை இல்லை.

உடனே உங்கள் ஞாபகம்தான் வந்தது. கூடவே கோபமும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் ஷிப்டில் ஒருவர் கேஸ் தாக்கி மயங்கி விழுந்து பிழைத்த பிறகு, நிர்வாகத்தோடு பாதுகாப்பு ஒப்பந்தம் எழுத உங்களைத்தான் கூப்பிட்டோம். சிதம்பரத்தில் பிள்ளைகளுக்கு அரசியல் பாடம் நடத்துகிறவர், சோசலிசத்தைப் பற்றிப் புத்தகம் போட்டவர், என் அக்கா புருஷன். இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்? சிப்காட் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கைக்குட்டையை எடுத்தீர்கள். "இன்னா மச்சான் இது, இந்த நாத்தம் நாறுது?" நாங்கள் நாலைந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். "எங்க மாமா நாறுது? வெயில்ல வந்தது ஒங்களுக்கு ஒரு மாதிரி இருக்கு" என்று சோடா வாங்கிக் கொடுத்தேன்.

நீங்கள் சோடாவைக் குடித்துவிட்டு லாக் புக்கைக் கேட்டீர்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் போகிறவன் "வாடை இல்லை" என்று சொல்வான், வருகிறவன் அதை எழுதிக் கையெழுத்துப் போடுவான். எங்கள் வழக்கம் அது. மோந்து பார்த்து யாரும் எழுதியதில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுச் சொன்னீர்கள்: "வாடை இல்லங்கிறதுக்கு இது சாட்சி இல்ல மச்சான். ஒங்களுக்கு மூக்கு இல்லங்கிறதுக்கு சாட்சி."

அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. உங்களோடு சண்டை போடுவதிலேயே குறியாக இருந்தேன். நான் ஸ்ட்ரைக், கேட் பூட்டு, எல்லாவற்றையும் ஒரே அடியில் புரட்டிப் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தவன். நீங்களோ சட்டம், ஓட்டு, ஒப்பந்தம், கிடைத்ததை வாங்கிக்கொண்டு மறுபடி போய் நிற்பது என்பீர்கள். எங்கள் ஆட்கள் உங்களுக்குப் "பாதி சார்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். முதலாளிக்கு முட்டுக் கொடுக்கிறவர் என்று உங்கள் முகத்துக்கு நேராகவே ஒருவன் சொன்னான். முதலாளி தரப்போ உங்களைக் கலகக்காரர் என்றது. இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு, மஞ்சக்குப்பம் மைதானத்தோரம் டீக்கடையில் உட்கார்ந்து சிரித்தீர்கள். "நாலு பேரு உள்ள படுத்திருக்கிற ஊடு மச்சான் இது. கூரைய மொத்தமா பிரிச்சிப் போட்டா, நடுவுல புயல் வந்தா புள்ளைங்க எங்க படுக்கும்? ஒவ்வொரு கழியா மாத்துவோம்."

"ஒவ்வொரு கழியா மாத்துறதுக்குள்ள ஓட்டக் கூரையே பழகிடும் மாமா" என்றேன். டீ கிளாஸைக் கீழே வைத்தீர்கள். "ஆமா, அதுதான் எனக்கும் பயம். அதுக்குத்தான் மிச்சத்த எழுதி வச்சிக்கணும்."

ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதியது இது: வாடையை உணரும் எவரும் யூனிட்டை நிறுத்தச் சொல்லலாம். எவரும் என்றால் நிரந்தரத் தொழிலாளி, காண்ட்ராக்ட் ஆள், பக்கத்து ஊர்க்காரர், பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் எல்லோரும்தான். மூக்கு செத்தவர்கள் கையில் மட்டும் மூக்கின் உரிமையைக் கொடுக்கக் கூடாது என்று வாதாடினீர்கள். நிர்வாகம் "எவரும்" என்பதை அடித்துவிட்டு "நிரந்தரத் தொழிலாளி" என்று போட்டது. கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் கத்தினேன். போட்டீர்கள். உங்கள் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் "அடுத்த முறை: எவரும்" என்று எழுதி என்னிடமே கொடுத்தீர்கள்.

அடுத்த முறை வந்தபோது நீங்கள் இல்லை. பாடம் நடத்திவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று அக்கா போனில் அழுதாள். மூன்று மாதம் கழித்து அந்தப் பேச்சுவார்த்தை மேஜையில் உங்கள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். புது பஸ் கேட்டேன். கேன்டீனுக்கு ஃபேன் கேட்டேன். அந்த வார்த்தையைக் கேட்கவே இல்லை மாமா. பயந்துபோய் விட்டுவிடவில்லை. மறந்தேன். பாதி வாங்கினவர் என்று உங்களைக் கேலி செய்தவன், மீதிப் பாதியை நினைக்கக்கூட இல்லை. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, வெட்கக்கேடு.

நேற்று செல்வி மூக்கைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். அவளுக்கு மூக்கு இருக்கிறது, உரிமை இல்லை. எனக்கு உரிமை இருக்கிறது, மூக்கு இல்லை. யூனிட்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். இத்தனை வருஷத்தில் அதை அழுத்திய முதல் ஆள் நான்தான். யூனிட் அடங்கியபோது அந்த அமைதி காதை அடைத்தது. லாக் புக்கில் "வாடை வந்தது, நிறுத்தினேன்" என்று எழுதினேன். யாருக்கு வந்தது என்று எழுதவில்லை.

மானேஜர் வந்தார். மீட்டரைப் பார்த்தார், சைபர். அந்த மீட்டர் சரியாக இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. மதியத்துக்குள் யூனிட்டை ஓட்டிவிட்டார்கள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்பத் தன்மையாகக் கேட்டார்: "ஒங்களுக்கு வாட வந்துச்சா, இல்ல வேற யாராச்சும் சொன்னாங்களா?" எழுதினதுதான் சார் என்று லாக் புக்கைக் காட்டினேன். நாளை பத்து மணிக்கு விசாரணை. எனக்கு வந்தது என்று சொன்னால் தப்பிக்கலாம். செல்வி சொன்னாள் என்று சொன்னால் காண்ட்ராக்ட் ஆள் பேச்சில் நிறுத்தியது ஒப்பந்தப்படி குற்றம், இரண்டு பேருக்கும் வேலை போகும்.

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் இன்று மதியம்வரை இருந்தேன். அப்போது செல்வி சிரித்த முகத்தோடு வந்தாள். "அண்ணே, இன்னிக்கி பம்பு கிட்டயே நின்னு பாத்தேன். வாட சுத்தமா வரலண்ணே. சரியாயிடுச்சி போல."

பம்பை யாரும் தொடவில்லை, மாமா.

மரத்துப்போனது அவள் மூக்கு. மூன்றே வாரம். அந்தப் பிள்ளையும் எங்களில் ஒருத்தி ஆகிவிட்டாள். இனி அவளும் லாக் புக்கில் அந்த வரியை எழுதுவாள்.

ஆகவே நாளை உண்மையைத்தான் சொல்லப் போகிறேன். எனக்கு வாடை வரவில்லை, இனி எங்கள் யாருக்கும் வராது, "எவரும்" என்ற அந்த வார்த்தையைத் திருப்பிப் போடுங்கள் என்று கேட்கப் போகிறேன். அந்தப் பெண் மேல் கை வைக்காதீர்கள், நிறுத்தியது என் கை என்றும் சொல்வேன். உங்கள் பென்சில் எழுத்து பாதி அழிந்துபோய் என் சட்டைப் பையில் இருக்கிறது.

அக்காவுக்கும் போன் செய்தேன். காலையில் முதல் பஸ்ஸில் வா, சிப்காட் ஸ்டாப்பில் இறங்கி மூச்சு விட்டுப் பார், வேறொன்றும் செய்ய வேண்டாம் என்றேன். "அவுரு கைக்குட்ட ஒண்ணு பீரோவுல கெடக்குது, எடுத்துக்கினு வரேன்" என்றாள். ஸ்டாப்பில் இறங்கியதும் மூக்கைப் பொத்த அவள் அதை வெளியே எடுக்கவே கூடாது என்று மனசு அடித்துக்கொள்கிறது. எடுப்பாள் என்றுதான் தோன்றுகிறது.