பொத்துப்போகாத குழாய்

புனே

அன்புள்ள அப்பாவுக்கு இசைவாணி வணக்கத்துடன் எழுதுவது. இருமல் குறைந்ததா? பட்டாசு ஆபீஸில் சீசன் ஆர்டர் நெருக்கினாலும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

நேற்று வெல்டிங் தேர்வு வைத்தார்கள். பால் கம்பெனிக்குப் போகும் எவர்சில்வர் குழாய், தகடு அவ்வளவு மெல்லிசு. கரண்டை ஒரே சீராக விட்டேன், முதல் குழாய் பொத்துப்போனது. அடுத்ததற்கு மெஷினைப் பல்ஸில் வைத்தேன். கரண்டு ஒரு நொடிக்குள் பலமுறை ஏறி இறங்கும். ஏறும்போது உலோகம் உருகும், இறங்கும்போது சூடு தணியும். ஓட்டையில்லை, கருக்கவும் இல்லை. எக்ஸ்ரேயிலும் இணைப்பு சுத்தம் என்றார்கள். இனி நான் ஹெல்பர் இல்லை அப்பா, வெல்டர்.

"பொறியக் கண்டா ஓடணும் தாயி, நீ அதத் தேடிப் போறியே" என்றீர்களே. ஓடாமல் நின்றுவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், திட்டக் கூடாது. அவசரத்தில் பாலியஸ்டர் சட்டையோடு நின்றதில் அதன் கை கருகிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை. உங்கள் பழைய பருத்திச் சட்டை இரண்டு அனுப்புங்கள். ஒன்றைப் பட்டாசு மருந்து போக மூன்று தண்ணீரில் அலசிவிடுங்கள், நெருப்புப் பக்கம் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. மற்றதைத் துவைக்க வேண்டாம் அப்பா. அது வேலைக்கு இல்லை, தலையணைக்கு.

உங்கள் மகள்
இசைவாணி