ஸ்பெயின் ராஜா கேட்ட சம்மதம்

10.1.2025, வெள்ளி

சவுதி யான்பில் இன்று லீவு நாள். துணி துவைத்து, மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். ஜெஸி வைப்பதுபோல் வரவில்லை. என்றைக்கு வந்தது?

அரசு ஆசிரியர் தேர்வுக்கு வரலாறு படிக்கிறாள். வீட்டு வேலையெல்லாம் முடித்து, படித்ததை ஊரிலிருந்து எனக்கு வாய்ஸில் அனுப்புகிறாள். "சொல்லிப் பாத்தாதான் மனசுல நிக்கும். நீங்க சும்மா கேட்டா போதும்" என்றாள். இப்போது ஸ்பெயின் நடக்கிறது. எந்த ராஜா ஆண்டால் எனக்கென்ன, குரல் என் பெண்டாட்டியுடையது.

14.1.2025

இரண்டாம் பிலிப். பாதி உலகத்தை ஆண்டவன், ஓயாமல் காகிதம் பார்த்துக்கொண்டே இருப்பானாம். அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக வெள்ளி வந்தும் கஜானா திவால். "நம்ம வீடு மாதிரி" என்றாள். சிரித்தேன். கொஞ்ச நேரம்தான்.

24.1.2025, வெள்ளி

இன்றைய வாய்ஸைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அந்தக் காலத்தில் செவில் ஊரிலிருந்து கப்பலேறி அமெரிக்காவுக்குச் சம்பாதிக்கப் போவார்களாம். கல்யாணமானவன் தனியாகப் போக மனைவி சம்மதிக்க வேண்டும். அதுவும் சில வருடங்களுக்குத்தான். தவணை தாண்டினால் பிடித்துத் திருப்பி அனுப்பச் சொல்லி ராஜ உத்தரவு. கல்யாணமே ஆகவில்லை என்று பொய் சொல்லித் தங்கியவர்களும் உண்டாம்.

ரூமில் சேதுமாதவனிடம் சொன்னேன். "அண்ணே, அந்தச் சட்டம் யான்புக்கு வந்தா நம்ம கேம்பே காலி!" என்று சிரித்தான்.

வாய்ஸின் கடைசியில் ஜெஸி புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "ஒவ்வொரு தடவையும் காண்ட்ராக்ட் ரினீவல் பண்ணிட்டுத்தான எனக்குச் சொல்லுவிய? எங்கிட்ட என்னைக்காவது கேட்டியளா?"

கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்லுவாளோ — அந்தப் பயம்தானா?

27.1.2025

டியூட்டியில் மனம் ஒட்டவில்லை. அவளைப் பார்க்கவேண்டும். தலை சீவும்போது ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவாளே, அப்படிப் பார்க்கவேண்டும். வீடியோ காலில் அது கிடைக்காது. எனக்காக முன்பே தலை சீவி உட்கார்ந்திருப்பாள்.

30.1.2025

ஃபோர்மேன் ஷம்சாத் ரினீவல் பேப்பரை நீட்டினார். "ஜல்தி ஸைன் கரோ, பத்தி பாய்." சீக்கிரம் கையெழுத்துப் போடச் சொல்கிறார்; என் பெயர் அவர் வாயில் பத்திதான். அப்புறம் தருகிறேன் என்றேன்.

சாயங்காலம் போன் போட்டேன். "ஜெஸி, இன்னும் ரெண்டு வருஷம். ஒனக்குச் சம்மதமா?"

விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பாள் என்றிருந்தேன். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டாள்.

வீட்டுல மாடி கட்டுறது பாதியில் நிக்குது. பையன் படிப்பு கெடக்குது. சரின்னுதான் சொல்லுவா. சொல்லிருவாளா? ஐயோ, சொல்லிரக் கூடாதே.

1.2.2025

பதில் இல்லை.

2.2.2025, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்து வாய்ஸ் அனுப்பியிருக்கிறாள். டியூட்டியில் கழற்றிய வால்வை அப்படியே போட்டுவிட்டு, பைப்புக்குப் பின்னால் போய்க் கேட்டேன்.

"எனக்குச் சம்மதம் இல்ல. மாடி அப்படியே கெடக்கட்டும். நான் ட்யூஷன் எடுக்கேன், நீங்க இங்க ஒரு வேலை பாருங்க. வந்திருங்க."

வேலைக்கான கண்ணாடி, மாஸ்க் எல்லாம் போட்டிருந்தது நல்லதாயிற்று. நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

3.2.2025

பேப்பரைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன். சம்பளம் போதவில்லையா என்று ஷம்சாத் கேட்டார். "பீவி விடமாட்டேங்குறா, பாய்" என்றேன்.

பஸ்ஸில் சொன்னேன், மெஸ்ஸில் சொன்னேன். கேட்டவன், கேட்காதவன் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், என் பெண்டாட்டி என்னை விடமாட்டேன் என்கிறாள் என்று.