முக்கூடல் அறிக்கையில் நீ அடித்த பத்தி

இன்று காலை அலுவலகத்துக்கு வந்த படிவக் கட்டைப் பிரித்ததும் பீடித்தூள் வாசம் அடித்தது. மேலப்பாளையத்தில் ஏதோ ஒரு வீட்டில், தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே ஒரு தாய் பதில் சொல்லியிருப்பாள். அவள் தொட்ட தாளில் தூள் ஒட்டியிருக்கிறது. இரண்டு முறை தும்மினேன். அப்புறம் வேலை ஓடவில்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த வாசத்தோடு உன்னை நினைப்பது எனக்குச் சுகமான காரியம் இல்லை.

பிள்ளைகளுக்கு, குடும்பங்களுக்கு என்று நடக்கிற திட்டங்கள் உண்மையிலேயே நடக்கின்றனவா, அவற்றால் யாருக்காவது நல்லது நடந்ததா என்று பார்த்து எழுதும் வேலையில் நாம் இருவரும் ஒன்பது வருஷம் ஒன்றாக அலைந்தோம். நான் பாளையங்கோட்டைக்காரி, எதையும் இரண்டு தடவை கேட்பேன். நீ கடற்கரைக்காரி, ஒரு தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாய். அந்தச் சும்மா இருத்தலில்தான் ஜனங்கள் உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள்.

முக்கூடலில் அந்த மூன்று மாலை நேர மையங்களைப் பார்க்கப் போனோமே. பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம், வளரும் பெண்களுக்கு ஆலோசனை, மாதம் ஒரு தாய்மார் கூட்டம் என்று காகிதத்தில் அழகாக இருந்தது. ஒருங்கிணைப்பாளர் வாசலிலேயே நின்று வரவேற்றார். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. நான் குடிக்கிற டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதுவரை விசாரித்து வைத்திருந்தார். எனக்கு அப்போதே அவரைப் பிடிக்கவில்லை.

முதல் பிள்ளை எழுந்து சொன்னாள்: "நான் முன்பு கூச்ச சுபாவம் உடையவளாக இருந்தேன். இப்போது தன்னம்பிக்கை பெற்றுள்ளேன்." இரண்டாவது பிள்ளையும் அதையே சொன்னாள். ஐந்தாவது பிள்ளை பாதியில் மறந்துபோய் ஒருங்கிணைப்பாளரின் முகத்தைப் பார்த்தாள். நீ என் காதருகே குனிந்தாய்.

"ஏட்டி, முக்கூடல் பிள்ள எங்கயாவது 'பெற்றுள்ளேன்'னு பேசுமா? எவரோ எழுதிக் குடுத்திருக்காவ."

மறுநாளிலிருந்து பிள்ளைகளைத் தனித்தனியாகப் பார்த்தோம். என் பங்குக்கு வந்தவர்கள் எல்லாரும் அதே இரண்டு வரியைச் சொன்னார்கள். உன் பங்கில் பேச்சி என்ற எட்டாம் வகுப்புப் பெண் இருந்தாள். அவள்தான் உன்னிடம் வாய் திறந்தாள். மையம் பாதி நாள் பூட்டியே கிடக்கிறது, பதிலை எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டாள். அன்று ராத்திரியே வரைவில் அதை எழுதியது நான். எட்டாம் வகுப்பு, மூன்று தங்கைகள், அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றுகிறாள் என்று எல்லாம் எழுதினேன். விவரம் இருந்தால்தான் நம்புவார்கள் என்பது என் கட்சி.

அதற்குப் பிறகு நீ மாறினாய். மத்தியானம் சாப்பிட்டதும் காணாமல் போவாய். கேட்டால், "சும்மா ஆத்துப் பக்கம் போனேன்" என்பாய். உன் செருப்பில் ஆற்று மணல் இருக்காது, நான் பார்த்தேன். மூன்றாம் நாள், பஸ் நிலையத்தில் ஒருங்கிணைப்பாளரின் ஜீப்பிலிருந்து நீ சிரித்துக்கொண்டே இறங்கினாய். டீக்கடைக்குள் நான் நின்றது உனக்குத் தெரியாது.

திருநெல்வேலிக்குத் திரும்பி, நீ திருத்திய வரைவைத் திறந்தபோது பேச்சியைப் பற்றிய பத்தி முழுக்கக் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

"இத எதுக்கு எடுத்த?"

"எடுத்துட்டேன். வேண்டாம்ட்டி."

"யாரு சொல்லி எடுத்த?"

"யாரும் சொல்லல."

"ஜீப்புல வந்து எறங்குனியே, நான் பாத்தேன். அந்தாளு ஒனக்கு என்ன தந்தான்?"

ஒன்பது வருஷத்தில் நான் உன்னிடம் கேட்ட மிக மோசமான கேள்வி அதுதான். நீ கோபப்படவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினாய். "நீ அப்படி நெனச்சா நெனச்சுக்கோ. கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிட்டுப் பேசு" என்றாய். நான் படிக்கவில்லை. இனிப் படிக்க என்ன இருக்கிறது என்று கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டேன். கையெழுத்துப் போட்டவள் நானும்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

அதன் பிறகு ஐந்து மாதம் உன்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்தேனே தவிர, விடவில்லை. நீ புதிதாக வாங்கிய கைப்பையைப் பார்த்தேன். நீ போனில் குரலைத் தாழ்த்தினால் காதைத் தீட்டினேன். கடைசியில் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் முக்கூடலுக்குப் பஸ் ஏறினேன். உன்னைப் பிடித்துவிட வேண்டும் என்றுதான் போனேன். இதை உன்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

பேச்சியின் அம்மா என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசல் கதவைச் சாத்தினாள்.

"ஒங்க கூட வந்த அக்கா நல்லாருக்காவளா?"

"அவ இங்க வந்தாளா?"

"மூணு நாளு வந்தாவ. எம்மவ வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்காம எல்லாத்தையும் சொல்லிட்டா. எனக்கு எலையும் தூளும் தாரவரு அந்த மையத்துச் சாருக்கு மச்சான். இவதான் சொன்னான்னு தெரிஞ்சா நாளைக்கே எல கெடையாது. நாலு பொம்பளப் பிள்ளய வச்சிருக்கேன். அக்கா காலப் பிடிச்சு அழுதேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தாவ. கூட வாரவகிட்டயும் சொல்லப்பிடாதுன்னேன். இப்ப நீங்களே தேடி வந்துட்டிய, அதான் சொல்லுதேன்."

ஜீப்பைப் பற்றியும் அவளே சொன்னாள். தெரு முனையில் அந்த ஆள் உன்னைப் பார்த்து, ஏறுங்கள், விட்டுவிடுகிறேன் என்றானாம். மறுத்தால் எந்த வீட்டுக்கு வந்தாய் என்று யோசிப்பான் என்று நீ சிரித்துக்கொண்டே ஏறினாயாம். பேச்சி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்துக்கு வந்து அறிக்கையைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். பின்னிணைப்பில், உன் சின்ன எழுத்தில், ஒரு பட்டியல். ஆற்றில் வெள்ளம் வந்து, மையம் நடக்கும் பள்ளிக்கூடமே நிவாரண முகாமாக இருந்த நாட்கள் ஒரு பக்கம். அதே நாட்களின் வருகைப் பதிவேடு மறுபக்கம். எல்லா நாளும் எல்லாப் பிள்ளைகளும் வந்ததாக ஒரே கையெழுத்து. எந்தப் பிள்ளையின் பேச்சும் அதில் இல்லை. யாரையும் காட்டிக்கொடுக்காமல் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாய்.

திட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் அதைப் படித்திருந்தார்கள். சொல்லாமல் வந்து பார்த்து, பூட்டைப் படமெடுத்துப் போனார்களாம். வெள்ளைச் சட்டைக்காரர் மாற்றப்பட்டார். பேச்சியின் அம்மாவுக்கு இலை நிற்கவில்லை. மூன்று மையங்களில் ஒன்று இப்போது நிஜமாகவே நடக்கிறது, போய்ப் பார்த்தேன். மற்ற இரண்டும் நடப்பதாகச் சொல்கிறார்கள். எனக்குச் சந்தேகம்தான்.

உன் வீட்டுக்கு வந்து வாசல் நடையில் நின்றே மன்னிப்புக் கேட்டேன். நீ மீன் கழுவிக்கொண்டிருந்தாய். "சரி, உள்ள வாட்டி. சாப்பிட்டுட்டுப் போ" என்றாய். அதன் பிறகு பழையபடி சிரித்தோம், ஒரே பஸ்ஸில் போனோம். ஆஸ்பத்திரியில் உன் கடைசி வாரங்களில் தலை வாரிவிட்டது நான்தான். ஆனாலும் அந்த நாளுக்குப் பிறகு நீ ஒரு வரைவையும் என்னிடம் முதலில் காட்டவில்லை. அது தற்செயலா? நீ என்னை மன்னித்தாயா, இல்லை பசித்து வந்தவளுக்குச் சோறு போட்டாயா? என்னால் எதையும் முழுசாக நம்ப முடியாது என்பது உனக்குத் தெரியும்.

இப்போது என்னோடு ஒரு பெண் வேலை செய்கிறாள். விக்கிரமசிங்கபுரத்தில் இருந்து வருகிறாள், கெட்டிக்காரி. போன வாரம் களத்தில் இரண்டு மணி நேரம் சொல்லாமல் எங்கேயோ போய்விட்டு வந்தாள். முகம் சரியில்லை. எங்கே போனாய் என்ற கேள்வி என் வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அன்று பூராவும் அவள் பையையும் போனையும் என் கண் சுற்றிச் சுற்றி வந்தது. அதைத் தடுக்க முடியவில்லை, வாயை மட்டும் தடுத்தேன். மறுநாள் சாயங்காலம் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே போனாள், ஏன் போனாள் என்று சொன்னாள்.

ஒரு நாள் பொறுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நான் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகும், எதிர் நாற்காலியிலேயே, நீ ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தாய்.