பேத்தியின் உச்சி

என்னங்க,

நேரில் சொன்னால் டிவி சத்தத்தைக் கூட்டுவீர்கள். அதனால்தான் இதை உங்கள் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே வைத்தேன்.

குரோமிக் ஆசிடுக்குத் தடை வேண்டாமென்று டெல்லிக் கூட்டத்தில் தாராளமாகப் பேசுங்கள். மறைமலை நகரில் அந்த ஆசிடை வைத்து இரும்புக்கு முலாம் பூசும் நம் பிளேட்டிங் பட்டறையை மூடினால் முப்பது குடும்பம் நடுத்தெருவுக்கு வரும் என்பது நிஜம்தான். ஆனால், "இத்தினி வருஷமா அந்த ஆசிட் புகையிலதான் நிக்கிறேன், எனக்கு இன்னா ஆயிடுச்சு?" என்று மட்டும் கேட்டுத் தொலைக்காதீர்கள்.

பால் தீய்ந்து தெருவே நாறியபோது அடுப்புக்குப் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நீங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தியை உச்சி முகர்ந்து, "அப்படியே நம்ம பொண்ணோட வாசனை!" என்று பூரித்தீர்களே. குழந்தை அப்போதுதான் ஆய் போயிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரி