அவள் காதுக்கு எட்டுகிற சுருதி

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் அவள் பேசவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. காது மந்தமானதிலிருந்து இப்படித்தான். பதில் கேட்காதபோது எதற்குப் பேசுவது என்று வாயையே மூடிக்கொண்டாள் என் மனைவி. காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். “காதுக்குள்ள தகரத்த உருட்டுது” என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள்.

மகள் போனில் யோசனை சொல்கிறாள்: “அம்மாகிட்ட எழுதிக் காட்டுங்களேன்ப்பா.”

யாருக்கு யார் எழுதிக் காட்டுவது? எனக்கு எழுதத் தெரியாது, அவளுக்குப் படிக்கத் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல இந்த போன்தான் எழுதிக்கொள்கிறது. வீட்டுப் பேச்சாகப் பேசினால் உளறிவைக்கிறது என்பதால், ரேடியோவில் செய்தி வாசிப்பவன் மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு நன்றாக வேண்டும்!

மார்ச் 5, வியாழன்

காது டாக்டர் சொன்னார்: “கீச்சுனு வர்ற சத்தம்தான் போயிடுச்சு பெரியவரே. மத்தது கொஞ்சம் எட்டும். சத்தமா பேசுங்க.”

சத்தமாகப் பேசினால் என் முகம் கடுகடு என்று ஆகிறது. திட்டுகிறேன் என்று நினைத்து அவள் கண் கலங்குகிறாள். கத்திக் கத்தியா ஒருத்தியோடு குடும்பம் நடத்துவது?

லாரி ஓட்டிய காலத்தில் என் கிளீனர் மவுத் ஆர்கன் வாசிப்பான். அவள் கூட வந்த நாளில் எல்லாம், “நிறுத்தாதப்பா, இன்னொண்ணு” என்பாள். அவன் எந்தப் பாலத்தில் எதை வாசித்தான் என்பது வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாசிக்கத்தான் தெரியாது. கற்றுக்கொண்டால் என்ன?

மார்ச் 6, வெள்ளி

வாத்தியக் கடைக்காரப் பெண், “பேரனுக்கா தாத்தா?” என்றாள். ஏன், தாத்தாவுக்கு வாய் இல்லையா?

இரட்டை வரிசையில் நீளமாக ஒன்று, பக்கத்தில் பொத்தான் வைத்தது ஒன்று, பத்து ஓட்டை உள்ள குட்டி ஒன்று என்று எடுத்து வைத்தாள். “புதுசா பழகுறவங்களுக்குப் பத்து ஓட்டைதான். அதுலயும் ‘சி’ சுருதி” என்று அவளே முடிவு செய்து கட்டியும் கொடுத்துவிட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

கடைக்காரப் பெண் ஏமாற்றிவிட்டாள். இரண்டாம் ஓட்டையில் உள்ளே இழுத்தால் சத்தமே இல்லை. ஓட்டை சாமானைத் தலையில் கட்டிவிட்டாள்!

மார்ச் 9, திங்கள்

கடைக்குப் போய் மேசையில் போட்டேன். “பழுதானத விக்கிறியேம்மா, நியாயமா?”

அவள் அதைத் துடைத்துவிட்டு வாசித்தாள். அதே இரண்டாம் ஓட்டை, தேனாய்ப் பேசியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“நீங்க வாசிங்க பாப்போம்.” வாசித்தேன். கன்னம் ஒட்டிப்போயிற்று. சிரிக்கிறாள்! “என்ன தாத்தா, டீசலா இறக்குறீங்க?”

எப்படித் தெரிந்தது இவளுக்கு? டேங்கில் டியூப்பை விட்டு ஆயுசுக்கும் டீசல் உறிஞ்சிய வாய் இது. வேறு எப்படி இழுக்கும்?

“உறிஞ்சாதீங்க. தூங்கும்போது மூச்சு வாங்குவீங்கல்ல, அந்த மாதிரி.”

வந்தது. அவளிடம் நன்றி சொல்லவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

மகளைத் தூங்கவைக்க அந்தக் காலத்தில் என் மனைவி முனகுவாளே, அந்த மெட்டு ஒருவழியாகப் பிடிபட்டது. துணி மடித்துக்கொண்டிருந்தவளின் முதுகுக்குப் பின்னால் நின்று வாசித்தேன். ஒரு முறை. இன்னொரு முறை. திரும்பவில்லை. அடுத்த துணியை எடுத்தாள்.

கதவைத் தட்டினார் கீழ்வீட்டுக்காரர். “கொஞ்சம் மெதுவா வாசிக்கக் கூடாதா சார்?”

இவருக்குக் கேட்டுத் தொலைக்கிறது! இவருக்கு யார் வாசித்தார்கள்?

மார்ச் 17, செவ்வாய்

கடைக்குப் போனேன். “உன் ‘சி’ய நீயே வச்சுக்கோ. என் வீட்டுக்காரிக்குக் கேக்கல. கீச்சு கீச்சுனு இருக்கு.”

இந்த முறை சிரிக்கவில்லை அவள். “இத மொதல்லயே சொல்லக் கூடாதா?” என்றாள்.

நீ கேட்டாயா?

உள்ளே போய் வேறொன்றைக் கொண்டுவந்தாள். “இது ‘ஜி’. குரல் கனமா இருக்கும். ஓட்டை எல்லாம் அதே வரிசைதான், பழகினது வீண் போகாது.” ஊதிப் பார்த்தேன். உள்ளங்கை வரை அதிர்ந்தது.

மார்ச் 24, செவ்வாய்

அவள் சமையலறையில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசல்படியில் நின்று ‘ஜி’யில் அதே மெட்டை ஆரம்பித்தேன். பாதியில் ஒரு தட்டு கையிலேயே நின்றது. திரும்பிப் பார்த்தாள்.

“அது அப்படி இல்லைங்க.”

மவுத் ஆர்கனை வாயிலிருந்து எடுத்தேன்.

“நடுவுல மேல போயி, அப்புறம்தான எறங்கும்? நீங்க நேரா எறங்குறீங்க.”

எனக்கா சொல்கிறாள்? எந்தப் பாலத்தில் எந்தப் பாட்டு என்று சொல்லக்கூடியவன் நான். என் ஞாபகத்திலா பிழை? “நேராத்தான்டீ எறங்கும்!” என்று கத்தினேன். “மேல போகும்” என்று அவளும் கத்தினாள்.

மார்ச் 29, ஞாயிறு

ஒரு நல்ல வார்த்தை கிடையாது. இங்கே இழுக்கிறேனாம், அங்கே விழுங்குகிறேனாம். எனக்குப் பொறுமை என்பதே இல்லையாம், கல்யாணத்தன்றே தெரியுமாம். காலையிலிருந்து மூச்சுவிடாமல் குறை. சமையலறையிலிருந்து சொன்னால் எனக்கு உறைக்கவில்லை என்று, நாற்காலியை இழுத்து என் முழங்காலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்கிறாள்.